இழுத்துக் கட்டிய கம்பியில் ஓடும் ஆற்றல்

இழுத்துக் கட்டிய கயிற்றின் ஒரு முனையைக் கையில் பிடித்து ஒருமுறை உதறினால், கயிற்றில் ஒரு மேடு எழுந்து மறுமுனையை நோக்கி ஓடுகிறது. கயிற்றின் நடுவே சிவப்பு நூல் ஒன்றைச் சுற்றிவைத்தால் இன்னொன்றும் தெரியும். மேடு அந்த இடத்தைக் கடக்கும்போது நூல் மேலே எழும்பித் திரும்பக் கீழே வருகிறது. மேட்டோடு சேர்ந்து ஒரு விரற்கடைகூட முன்னே போவதில்லை. கயிற்றின் பகுதிகள் அசையும் திசையும் மேடு ஓடும் திசையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருப்பதால் இதற்குக் குறுக்கலை என்று பெயர். காற்றில் ஒலி பரவும்போது துகள்கள் அலை போகும் திசையிலேயே முன்னும் பின்னும் ஆடுகின்றன, அது நெட்டலை. கம்பியில் நெட்டலையும் உண்டாகும். ஆனால் வீணைத் தந்தியிலும் வயலினிலும், மின்சார ரயிலுக்கு மேலே ஓடும் கம்பியிலும் பெரும்பங்கு வேலை குறுக்கலையுடையது.

கயிற்றின் மறுமுனையில் ஒரு மணி தொங்கினால், மேடு போய்ச் சேர்ந்ததும் மணி ஒலிக்கிறது. மணியை அசைக்க ஆற்றல் வேண்டும். அது இந்த முனையில் உதறிய கையிலிருந்து புறப்பட்டு, கயிறு இருந்த இடத்திலேயே இருக்க, அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. பள்ளிப் பாடங்களில் கம்பி அதிர்வு என்றால் அதிர்வெண் சூத்திரத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அது பாதிக் கதை மட்டுமே. கம்பி ஆற்றலை எப்படிப் பெறுகிறது, எங்கே வைத்துக்கொள்கிறது, எங்கே கொடுத்துவிடுகிறது என்று கேட்ட பிறகுதான் வீணைக்குக் குடம் எதற்கு, உயரழுத்த மின்கம்பிகளில் குட்டை டம்பெல் போன்ற கருவிகள் எதற்கு என்பதெல்லாம் விளங்கத் தொடங்கும்.

முதலில் அலை ஏன் ஓடுகிறது என்பது. கம்பியின் மிகச் சிறிய துண்டு ஒன்றைத் தனியாக எண்ணிப் பார்க்கலாம். அதன் இடப்பக்கத் துண்டு அதை இடப்புறம் இழுக்கிறது. வலப்பக்கத் துண்டு வலப்புறம் இழுக்கிறது. இரண்டு இழுப்பும் ஒரே அளவு. துண்டு நேராக இருந்தால் அவை ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். கம்பி சாய்ந்திருந்தாலும் நேராக இருக்கும்வரை நிலைமை அதுதான். துண்டு வளைந்திருந்தால் மட்டுமே இரண்டு இழுப்புகளின் திசை சற்று மாறுபட்டு, மிச்சமாக ஒரு விசை வளைவின் உட்பக்கம் நோக்கி நிற்கும். மேட்டின் உச்சியில் அந்த விசை கீழ்நோக்கி இருக்கும். மேடு தொடங்கும் அடிவாரத்தில், வளைவு எதிர்ப்பக்கம் இருப்பதால், மேல்நோக்கி இருக்கும். அதனால் அடிவாரம் எழும்புகிறது, உச்சி இறங்குகிறது, மேடு ஓர் அடி முன்னே போய்விடுகிறது. அடுத்த கணம் புதிய அடிவாரத்தில் இதுவே மறுபடி நடக்கிறது.

இதிலிருந்து அலையின் வேகம் எதைச் சார்ந்தது என்பதும் தெரிகிறது. கம்பி இறுக்கமாக இருந்தால் திருப்பி இழுக்கும் விசை பெரிது. துண்டு சட்டென்று எழும்பும். கம்பி கனமாக இருந்தால் அதே விசைக்கு அது மெதுவாகத்தான் அசையும். கணக்காகச் சொன்னால், இழுவிசையை ஒரு மீட்டர் கம்பியின் நிறையால் வகுத்து வரும் எண்ணின் வர்க்கமூலமே வேகம். மேடு உயரமா குட்டையா, அகலமா குறுகலா என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வருவதில்லை, அசைவு சிறிதாக இருக்கும்வரை. மெல்ல உதறினாலும் ஓங்கி உதறினாலும் அலை ஒரே நேரத்தில்தான் போய்ச் சேரும். ஓங்கி உதறுபவர் அதிக ஆற்றலை அனுப்பலாம். விரைவாக அனுப்ப முடியாது.

இந்த வர்க்கமூலத்தைக் கண்டுபிடிக்க நீண்ட காலம் ஆயிற்று. கம்பியின் நீளத்தைப் பாதியாக்கினால் சுரம் ஒரு ஸ்தாயி மேலே போகும் என்பது பழங்காலத்திலேயே தெரிந்திருந்தது. எடையைத் தொங்கவிட்டுக் கம்பியை இறுக்கும்போதும் இதே விகிதம் பொருந்தும், எடையை இரட்டித்தால் ஒரு ஸ்தாயி கூடும் என்று பித்தகோரசின் பெயரால் ஒரு கதை ஐரோப்பாவில் பல நூற்றாண்டு உலவியது. யாரும் எடையைத் தொங்கவிட்டுப் பார்க்கவில்லை என்பதுதான் வருத்தம். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலிய லூட் வாத்தியக் கலைஞர் வின்சென்சோ கலிலி அதைச் செய்து பார்த்தார்: ஒரு ஸ்தாயி ஏற எடை நான்கு மடங்காக வேண்டியிருந்தது. இவர் விஞ்ஞானி கலிலியோவின் தந்தை. 1636இல் பிரெஞ்சுத் துறவி மெர்சென் நீளம், இழுவிசை, நிறை மூன்றையும் சேர்த்து முழு விதியை வெளியிட்டார். அதிர்வைக் கண்ணாலேயே எண்ணுவதற்காக அவர் மிக நீண்ட கம்பிகளைக் கட்டி ஆடவிட்டார். கண்ணுக்கு எட்டாத வேகத்தில் அதிரும் தந்திக்கும் அதே விதி பொருந்தும் என்று நம்பிக் கணக்கிட்டார். 1713இல் ஆங்கிலேயர் புரூக் டெய்லர் நியூட்டனின் இயக்க விதிகளிலிருந்தே அதிர்வெண்ணைத் தருவித்தார். 1747இல் பிரான்சின் தலம்பேர் கம்பிக்கான அலைச் சமன்பாட்டை எழுதி, அதன் தீர்வு எதுவானாலும் வலப்பக்கம் ஓடும் ஒரு வடிவமும் இடப்பக்கம் ஓடும் ஒரு வடிவமும் சேர்ந்ததே என்று காட்டினார். இன்று ஒலி, ஒளி, வானொலி எல்லாவற்றுக்கும் பயன்படும் அந்தச் சமன்பாடு ஒரு கம்பியைப் பார்த்து எழுதப்பட்டது.

கித்தாரின் மிக மெல்லிய எஃகுத் தந்தியை எடுத்துக்கொண்டால் எண்கள் கைக்கு வரும். விட்டம் சுமார் 0.25 மில்லிமீட்டர், ஒரு மீட்டர் தந்தியின் நிறை 0.4 கிராம். அதை ஏறத்தாழ 73 நியூட்டன் விசையில், அதாவது ஏழரைக் கிலோ எடையைத் தொங்கவிட்ட அளவுக்கு இறுக்கினால் அலை நொடிக்கு 428 மீட்டர் வேகத்தில் ஓடும். காற்றில் ஒலியின் வேகத்தைவிட இது அதிகம். 65 சென்டிமீட்டர் நீளமுள்ள தந்தியில் அலை ஒருமுறை போய்வர 130 சென்டிமீட்டர். எனவே நொடிக்கு 330 தடவை போய்வருகிறது. காதில் விழும் சுரத்தின் அதிர்வெண் அதுதான். தடித்த தந்தி இரண்டு ஸ்தாயி கீழே ஒலிக்க வேண்டும். அதில் அலை நொடிக்கு 107 மீட்டரில்தான் ஓட வேண்டும். தந்தியைத் தளர்த்தினால் அது தொய்ந்துபோகும். ஆகவே எஃகு இழையின் மேல் மெல்லிய கம்பியைச் சுருளாகச் சுற்றி நிறையைக் கூட்டுகிறார்கள். வெறுமனே தடித்த எஃகுக் கம்பியைப் போட்டால் அது வளைய மறுக்கும் விறைப்பு சுரத்தைக் கெடுத்துவிடும்.

வீணையில் மெட்டின் மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் எழுப்புவதும் இதே விதியின் வேலை. ஓர் அரைச்சுரம் ஏற இழுவிசை சுமார் 12 சதவீதம் கூட வேண்டும். ஒரு முழுச்சுரத்துக்கு 26 சதவீதம். எஃகு சற்று நீண்டாலே இழுவிசை வெகுவாக ஏறிவிடும் என்பதால் விரலின் சிறு அசைவே போதுமானதாக இருக்கிறது. ரப்பர் பேண்டில் இது நடக்காது. அதை இரண்டு மடங்கு நீளத்திலிருந்து மூன்று மடங்குக்கு இழுத்துத் தட்டிப் பார்த்தால் ஓசை சற்றே ஏறும், அவ்வளவுதான். இழுக்க இழுக்க இழுவிசை கூடுகிறது, ரப்பர் மெலிவதால் மீட்டருக்கான நிறை குறைகிறது, ஆகவே அலையும் வேகமாக ஓடுகிறது. ஆனால் ஓட வேண்டிய தூரமும் கூடவே நீள்கிறது. போய்வரும் நேரம் கிட்டத்தட்ட மாறாமல் நிற்கிறது. எந்த வீட்டிலும் ஒரு நிமிடத்தில் செய்து பார்க்கக்கூடிய சோதனை இது.

கம்பியில் அலையின் வேகம் எவ்வளவு பெரிய காரியங்களைத் தீர்மானிக்கிறது என்பதற்கு மின்சார ரயிலைவிட நல்ல சான்று கிடையாது. ரயிலின் கூரையிலுள்ள மின்வாங்கி மேலே உள்ள தொடுகம்பியை அடியிலிருந்து அழுத்திக்கொண்டே போகிறது. அந்த அழுத்தம் கம்பியில் ஒரு சிறு மேட்டை எழுப்புகிறது. மேடு அலையாக ரயிலுக்கு முன்னே ஓடிவிடும். ரயிலின் வேகம் அலையின் வேகத்தை நெருங்கினால் மின்வாங்கி கொடுக்கும் ஆற்றல் முன்னே ஓடித் தப்ப முடியாமல் அதன் எதிரிலேயே சேர்கிறது. கம்பி அளவுக்கு மீறி எழும்பும், தொடர்பு அறுபடும், தீப்பொறி பறக்கும். அதனால் ரயிலின் வேகத்தைப் பொதுவாக அலை வேகத்தின் 70 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்கிறார்கள். இந்திய ரயில்வேயின் வழக்கமான தொடுகம்பி 107 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள செம்பு. அதை 1000 கிலோ எடைக்குச் சமமான விசையில் இழுத்திருக்கிறார்கள். கணக்கிட்டால் அலை வேகம் மணிக்கு சுமார் 364 கிலோமீட்டர். மணிக்கு 160 கிலோமீட்டரில் ஓடும் வண்டிகளுக்கு இது தாராளம். வெயிலில் கம்பி நீண்டு தொய்ந்தால் இந்த வேகமும் குறைந்துவிடும். அதைத் தடுக்கத்தான் இருப்புப்பாதை ஓரத்துக் கம்பங்கள் சிலவற்றில் கப்பி வழியாக எடைகளை அடுக்கித் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

2007 ஏப்ரல் 3 அன்று பிரான்சின் டிஜிவி ரயில் ஒன்று மணிக்கு 574.8 கிலோமீட்டர் ஓடிச் சாதனை படைத்தது. அந்த ஓட்டத்துக்காகத் தொடுகம்பியின் இழுவிசையை வழக்கமான 25 கிலோநியூட்டனிலிருந்து 40 கிலோநியூட்டனுக்கு உயர்த்தினார்கள். 150 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி என்று வைத்துக் கணக்கிட்டால், பழைய இழுவிசையில் அலை மணிக்கு 490 கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான் ஓடும். ரயில் தன் அலையையே முந்தியிருக்கும். இழுவிசையைக் கூட்டியதும் அலை வேகம் 620 ஆயிற்று. ரயிலின் சக்கரத்துக்கும் மோட்டாருக்கும் கிடைக்கும் புகழில் ஒரு பங்கு அந்தக் கம்பிக்கும் உரியது.

இனி ஆற்றல். ஓடும் அலையில் அது இரண்டு வடிவில் இருக்கிறது. அசைந்துகொண்டிருக்கும் துண்டுக்கு இயக்க ஆற்றல் உண்டு. சாய்ந்திருக்கும் துண்டுக்கு நிலை ஆற்றல் உண்டு. மட்டமாகக் கிடக்கும்போது இருந்ததைவிட அது சற்று நீண்டிருக்கிறது, அந்த நீட்சி இழுவிசைக்கு எதிராகச் செய்யப்பட்ட வேலை. பத்துக்கு ஒன்று என்ற சாய்வில் ஒரு மீட்டர் கம்பி ஐந்து மில்லிமீட்டர் நீள்கிறது. சாய்வு இரட்டித்தால் நீட்சி நான்கு மடங்காகும்.

அப்படியானால் அலையில் எந்த இடத்தில் ஆற்றல் அதிகம்? உச்சியில் என்றுதான் எவருக்கும் முதலில் தோன்றும். உண்மை அதற்கு நேர் எதிர். உச்சியில் இருக்கும் துண்டு ஏறி முடித்து இறங்கத் தொடங்கும் கணத்தில் நிற்கிறது. அதற்கு வேகம் இல்லை. உச்சியில் கம்பி மட்டமாக இருக்கிறது. சாய்வும் இல்லை, நீட்சியும் இல்லை. இரண்டு ஆற்றலும் அங்கே சுழி. கம்பி தன் ஓய்வுக் கோட்டைக் கடக்கும் இடத்தில்தான் வேகமும் உச்சம், சாய்வும் உச்சம். ஆடும் ஊசலில் இயக்க ஆற்றல் கூடும்போது நிலை ஆற்றல் குறையும். ஓடும் அலையில் இரண்டும் ஒன்றாகவே கூடி ஒன்றாகவே குறைகின்றன, ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு கணத்திலும் சமமாக இருக்கின்றன. ஆற்றல் அழியாது என்ற விதிக்கு இதனால் பங்கமில்லை. ஊசல் தனித்து ஆடுகிறது. கம்பியின் துண்டு தனித்து இல்லை. உச்சியில் அதனிடம் ஒன்றும் இல்லாமல் போவது, இருந்ததை அது முன்னாலிருக்கும் துண்டுக்குக் கொடுத்துவிட்டதால்.

கொடுக்கும் விதம் நுட்பமானது. அலை வலப்புறம் ஓடுகிறது என்று கொள்வோம். மேட்டின் முன்சரிவில் கம்பி மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. அங்கே ஒரு புள்ளியின் இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட உயரத்தில் இருப்பதால், இடப்பக்கம் வலப்பக்கத்தை மேலே இழுக்கிறது. மேலே ஏறும் பொருளை மேலே இழுத்தால் அதற்கு ஆற்றல் கிடைக்கும். பின்சரிவில் கம்பி கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. அங்கே இடப்பக்கம் தாழ்ந்திருப்பதால் வலப்பக்கத்தைக் கீழே இழுக்கிறது. இறங்கும் பொருளைக் கீழே இழுத்தாலும் அதற்கு ஆற்றல் கிடைக்கும். ஆக, எந்தச் சரிவில் பார்த்தாலும் இடப்பக்கம் கொடுக்கிறது, வலப்பக்கம் வாங்குகிறது. கட்டட வேலையில் வரிசையாக நிற்பவர்கள் செங்கல்லைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே அனுப்புவது போல, யாரும் இடம் விட்டு நகராமல் சுமை மட்டும் போய்ச் சேருகிறது.

ஒரு நொடியில் கடந்து செல்லும் ஆற்றல் எவ்வளவு என்பதையும் கணக்கிடலாம். அது வீச்சின் வர்க்கத்துக்கும் அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கும் நேர்விகிதத்தில் கூடும். மீட்டருக்கான நிறையும் அலை வேகமும் அதோடு பெருகும். மீட்டருக்கு 100 கிராம் நிறையுள்ள கயிற்றை 40 நியூட்டன் விசையில் இழுத்துப் பிடித்தால் அலை நொடிக்கு 20 மீட்டர் ஓடும். முனையை நொடிக்கு நான்கு முறை, நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் ஐந்து சென்டிமீட்டர் ஆட்டினால் கயிறு சுமார் 1.6 வாட் ஆற்றலை ஏந்திச் செல்லும். ஆட்டும் தூரத்தை இரட்டித்தால் 6.3 வாட். தூரத்தை மாற்றாமல் அதிர்வெண்ணை இரட்டித்தாலும் 6.3 வாட். கையால் கயிற்றை ஆட்டிப் பார்த்தவர்களுக்கு, கொஞ்சம் வேகப்படுத்தினாலே தோள் வலிக்கத் தொடங்குவது தெரியும். அதன் காரணம் இந்த வர்க்கங்கள்.

இரண்டு முனையிலிருந்தும் ஒரே அளவு மேடுகள் எதிரெதிராக ஓடிவந்தால் அவை மோதிச் சிதறுவதில்லை. ஒன்றின் மேல் ஒன்று கூடிப் பெரிதாகிப் பிறகு தத்தம் வழியே போய்விடுகின்றன. ஒன்று மேடாகவும் மற்றது பள்ளமாகவும் வந்தால் சந்திக்கும் கணத்தில் கம்பி முழுதும் நேராகக் காட்சியளிக்கும். ஆற்றல் மறைந்துவிட்டதா என்று திகைக்க வேண்டியதில்லை. அந்தக் கணத்தில் கம்பி நேராக இருந்தாலும் சும்மா இல்லை. ஒரு பாதி மேல்நோக்கியும் மறுபாதி கீழ்நோக்கியும் விரைந்துகொண்டிருக்கிறது. முழு ஆற்றலும் இயக்க ஆற்றலாக அதில் இருக்கிறது. அசையாத புகைப்படத்தில் கம்பியின் வடிவத்தை மட்டும் பார்த்து அதன் ஆற்றலைச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

அலை கம்பியின் முனைக்கு வந்ததும் என்ன ஆகும் என்பது முனை எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்தது. சுவரில் அறைந்த ஆணியில் கட்டியிருந்தால் மேடு பள்ளமாகக் கவிழ்ந்து திரும்பும். ஆணி அசைவதில்லை, அசையாததன்மேல் வேலை செய்ய முடியாது, எனவே ஆற்றல் முழுதும் திரும்பி வந்தே ஆக வேண்டும். கயிற்றோடு இன்னொரு கயிற்றை முடிந்திருந்தால் ஒரு பங்கு திரும்பும், ஒரு பங்கு கடக்கும். கனமான கயிற்றிலிருந்து, மீட்டருக்கு அதன் கால்பங்கு நிறையே உள்ள மெல்லிய கயிற்றுக்கு மேடு போகும்போது, மெல்லிய கயிற்றில் எழும் மேடு வந்த மேட்டைவிட மூன்றில் ஒரு பங்கு உயரம் கூடுதலாக இருக்கும். பார்ப்பதற்கு ஆற்றல் பெருகியது போலத் தோன்றும். ஆனால் மெல்லிய கயிற்றில் சென்ற ஆற்றல் வந்ததில் ஒன்பதில் எட்டுப் பங்குதான். மீதி ஒரு பங்கு திரும்பிவிட்டது. உயரம் கூடி ஆற்றல் குறைவது கயிறு லேசானதால் சாத்தியமாகிறது. பிடியிலிருந்து நுனிவரை மெலிந்துகொண்டே போகும் சாட்டையில் இது படிப்படியாக நடக்கிறது: ஆற்றல் மேலும் மேலும் குறைந்த நிறைக்குள் ஒடுங்கி, நுனி ஒலியின் வேகத்தைத் தாண்டிவிடும். சாட்டையின் சொடுக்கொலி அந்த நுனி காற்றில் எழுப்பும் அதிர்ச்சியலை.

வாத்தியத்தில் தந்தியின் இரு முனையும் கிட்டத்தட்ட அசையாதவை. விரலால் தந்தியை இழுத்து முக்கோணமாக்கி விட்டதும், அந்த முக்கோணம் பாதி உயரமுள்ள இரண்டு வடிவங்களாகப் பிரிந்து எதிரெதிர்த் திசையில் ஓடுகிறது. ஆற்றலும் சரிபாதியாகப் பிரிகிறது. மேலே சொன்ன கித்தார்த் தந்தியை நடுவில் மூன்று மில்லிமீட்டர் இழுத்துவிட்டால் அதில் சேரும் ஆற்றல் ஒரு ஜூலின் ஐந்நூறில் ஒரு பங்கு: ஒரு கிராம் எடையை 20 சென்டிமீட்டர் தூக்கும் அளவு. இவ்வளவு சிறிய கைப்பொருளை வைத்துக்கொண்டுதான் தந்தி பல நொடிகள் ஒலிக்கிறது. இரு முனையிலும் மோதித் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து, ஓடாமல் நின்ற இடத்திலேயே ஆடும் நிலை அலைகளாகின்றன. அசையாமல் நிற்கும் இடங்கள் கணுக்கள். கணுவைக் கடந்து ஆற்றல் போக முடியாது. இரண்டு கணுக்களுக்கு இடையே அது இயக்கமாகவும் நீட்சியாகவும் மாறிமாறி அடைபட்டுக் கிடக்கும்.

அடைபட்டதை வெளியே விடுவது, தந்தி படிந்து நிற்கும் தாங்கியான குதிரை. தந்தி மிக மெல்லியது; அதிரும்போது காற்று அதைச் சுற்றி வழிந்துவிடுமே தவிர அமுங்காது. அதனால் தந்தி தானாக எழுப்பும் ஒலி மிகக் குறைவு. அலை ஒவ்வொரு முறை குதிரையில் மோதும்போதும் குதிரை நூலளவு அசைந்து, ஆற்றலில் ஒரு துளியைப் பலகைக்கும் குடத்துக்கும் தருகிறது. அகன்ற பலகை காற்றை அசைக்க வல்லது. இங்கே வாத்தியம் செய்பவரின் முடிவு கடினமானது. குதிரை அதிகம் அசைந்தால் ஒலி பெரிதாக எழுந்து உடனே அடங்கும். அசையவே இல்லையென்றால் தந்தி நெடுநேரம் அதிரும், யாருக்கும் கேட்காது. செல்லோ வாத்தியத்தில் சில நேரம் ஒரு குறிப்பிட்ட சுரத்தில் உடற்பலகை தந்தியோடு ஒத்ததிர்ந்து ஆற்றலை வெகுவாக வாங்கித் திருப்பிக் கொடுக்கத் தொடங்கும். சுரம் நிலைகொள்ளாமல் உறுமும். ஐரோப்பியர் இதை ஓநாய்ச் சுரம் என்கிறார்கள். 1916இல் இதன் இயக்கத்தை ஆராய்ந்து எழுதியவர்களில் ஒருவர் கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரியாக வேலை பார்த்துக்கொண்டே ஆய்வு செய்த ச. வெ. இராமன்.

திருச்சிராப்பள்ளியில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த இராமனை உலகம் ஒளிச்சிதறலுக்காக அறிந்திருக்கிறது. அதற்கு முன்பு பல ஆண்டுகள் அவர் தந்திகளின் பின்னால்தான் இருந்தார். வில் இழுக்கும் தந்தியைப் பற்றி 1918இல் அவர் எழுதிய நூல் இன்றும் அந்தத் துறையின் அடிப்படை. ரோசின் என்ற பிசின் தடவிய வில் தந்தியைப் பற்றி இழுக்கிறது, தந்தி நழுவுகிறது, மறுபடி பற்றுகிறது. தந்தியில் ஒரு கூர்மூலை உருவாகி முனைக்கு முனை ஓடிக்கொண்டே இருக்கும்; அது வில்லைக் கடக்கும் நேரத்தில்தான் பற்றுதலும் நழுவுதலும் மாறுகின்றன. ஜெர்மன் இயற்பியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்ட இந்த அசைவை, வில்லின் இடம், வேகம், அழுத்தம் ஆகியவற்றோடு இணைத்து விளக்கியது இராமனின் பணி. மீட்டிய தந்தி செலவழித்துத் தீர்க்கும் ஆற்றலை, வில் ஒவ்வொரு சுற்றிலும் நிரப்பிக்கொண்டே இருக்கிறது.

வீணையையும் தம்புராவையும் பற்றி 1920களின் தொடக்கத்தில் அவர் எழுதியது சிறு கட்டுரைதான். ஆனால் அதில் இருப்பது பெரிய செய்தி. தந்தி இரண்டு, மூன்று எனச் சம பகுதிகளாகப் பிரிந்தும் அதிர்வதால் எழுபவை மேற்சுரங்கள்; ஒரு மேற்சுரத்தின் கணு இருக்கும் இடத்தில் தந்தியை மீட்டினால் அந்த மேற்சுரம் ஒலியில் இருக்காது என்பது ஆங்கில அறிஞர் தாமஸ் யங்கின் விதி. நடுவில் மீட்டினால் இரட்டைப்படை மேற்சுரங்கள் வரக்கூடாது. வீணையிலும் தம்புராவிலும் அந்த மேற்சுரங்கள் நன்றாகவே கேட்கின்றன என்று இராமன் காட்டினார். காரணம் குதிரையின் வடிவம். வயலினில் தந்தி ஒரு கூரிய விளிம்பில் படிந்து முடிகிறது. வீணைக் குதிரையின் மேல் உலோகத் தகடு இருக்கிறது. அது அகலமானது, மிக மெல்லிய வளைவு கொண்டது. தந்தி கீழே வரும்போது அந்த வளைவின் மேல் சற்றே படிகிறது, மேலே போகும்போது விலகுகிறது. ஒவ்வோர் அதிர்விலும் தந்தியின் முடிவிடம் மயிரிழை அளவு முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. அசையாத முனைகளுக்கு இடையே ஒவ்வொரு மேற்சுரத்தின் ஆற்றலும் தனித்தனியாக அடைபட்டிருக்கும். முடிவிடம் நகரும்போது அந்தத் தடுப்பு உடைகிறது. கீழ்ச்சுரத்திலிருந்த ஆற்றல் மேற்சுரங்களுக்குக் கசிகிறது. தம்புராவில் குதிரைக்கும் தந்திக்கும் நடுவே நூல் துண்டைச் செருகி, இப்படியும் அப்படியும் நகர்த்தி, தந்தி குதிரையின் பரப்பை உரசியும் உரசாமலும் படியும் இடத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். அந்த இடம் அமைந்ததும் மேற்சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மலர்ந்து ஒலி சுழலத் தொடங்குகிறது. அந்த நூலுக்கு ஜீவா என்று பெயர். சமன்பாடு ஏதும் எழுதாமல், காதை மட்டும் நம்பி, தந்திக்குள் ஆற்றல் பங்கீட்டை மாற்றி அமைத்த கைவினைஞர்களின் அறிவு வணங்கத்தக்கது.

எந்தக் கம்பியிலும் அலை என்றென்றும் ஓடுவதில்லை. காற்று அதைத் தடுக்கிறது, உலோகத்தின் உள்ளேயே உராய்வு இருக்கிறது, முனைகள் வழியாகக் கசிவு இருக்கிறது. உயர்ந்த அதிர்வெண்கள் முதலில் அடங்கும். மீட்டிய கணத்தில் கணீரென்று இருந்த ஒலி போகப்போக மென்மையாவது அதனால். வாத்தியத்தில் இந்த இழப்பைக் குறைக்கப் பாடுபடுகிறார்கள். உயரழுத்த மின்கம்பியில் இழப்பைக் கூட்டப் பாடுபட வேண்டியிருக்கிறது. கோபுரத்துக்குக் கோபுரம் இழுத்துக் கட்டிய மின்கம்பியின் மேல் சீரான மென்காற்று வீசும்போது, கம்பியின் பின்னால் காற்றுச் சுழல்கள் மேலும் கீழுமாக மாறிமாறிப் பிரிகின்றன. 30 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பியில் நொடிக்கு 3 மீட்டர் காற்று பட்டால் இந்தத் தள்ளல் நொடிக்கு சுமார் 20 முறை நிகழும். அந்த அதிர்வெண்ணுக்கு ஏற்ற நிலை அலை கம்பியில் எழுகிறது. அதன் வீச்சு கம்பியின் தடிமனைக்கூட எட்டாது. கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அலை கோபுரத்துப் பிடிப்பில் மோதி மோதித் திரும்பும்போது கம்பி அங்கே திரும்பத் திரும்ப வளைகிறது; பல கோடித் தடவை வளைந்த பிறகு அலுமினிய இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன.

கலிபோர்னியாவில் மின் நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய பொறியாளர் ஜார்ஜ் ஸ்டாக்பிரிட்ஜ் 1920களில் இதற்கு ஒரு கருவியை உருவாக்கினார். முறுக்கிய எஃகு வடத்தின் சிறு துண்டு, அதன் இரு நுனியிலும் ஒவ்வோர் எடை, நடுவில் மின்கம்பியைப் பற்றும் பிடிப்பு: அவ்வளவுதான். தமிழ்நாட்டின் நெடுஞ்சாலைகளைக் கடக்கும் உயரழுத்த மின்பாதைகளில், கோபுரத்தை ஒட்டி ஒவ்வொரு கம்பியிலும் இவை தொங்குவதைப் பார்க்கலாம். மின்கம்பி அதிரும்போது எடைகள் அதே தாளத்தில் ஆட முடியாமல் பின்தங்குகின்றன. இடையிலுள்ள வடம் முறுகி வளைகிறது. அதன் இழைகள் ஒன்றோடொன்று உரசி, அலை கொண்டுவந்த ஆற்றலை வெப்பமாக்கிவிடுகின்றன. கணு விழும் இடத்தில் மாட்டினால் கருவி அசையாது, ஒன்றையும் உறிஞ்சாது. காற்றின் வேகம் மாற மாறக் கணுக்களும் இடம் மாறும். எந்த வேகத்திலும் கணுவாகாத இடம் பிடிப்பின் அருகில்தான் உண்டு; அங்கிருந்து எவ்வளவு தூரம் என்பதைக் கம்பியின் இழுவிசை, நிறை, அந்தப் பகுதியில் வீசும் காற்று ஆகியவற்றைக் கொண்டு ஒவ்வொரு மின்பாதைக்கும் தனியாகக் கணக்கிட்டு மாட்டுகிறார்கள்.